மோசமான படங்களில் நடிக்கும் உரிமை

ஹாலி பெர்ரியின் மோசமான படங்களைச் சொல்லுங்கள் என்றால் ஹாலிவுட் ரசிகர்கள் யோசிக்கவே மாட்டார்கள். ‘கேட்வுமன்’ (2004) முதலில் வரும். பிறகு ‘பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்’ (2007), ‘டார்க் டைட்’ (2012), ‘மூவி 43’ (2013), ‘மூன்ஃபால்’ (2022) என்று விரல்விட்டு எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும் கூடவே ஒரு தீர்ப்பும் வந்துவிடும்: “ஆஸ்கர் வாங்கிய கையோடு சறுக்கியவர். கதைத் தேர்வு சரியில்லை. கிடைத்த பெரிய வாய்ப்பைத் தானே கெடுத்துக்கொண்டார்.”

அந்தப் பட்டியலோடு நமக்குச் சண்டை இல்லை. தீர்ப்போடுதான் சண்டை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ‘கேட்வுமன்’ நல்ல படம், விமர்சகர்களுக்குத்தான் புரியவில்லை என்று வாதாட நாம் வரவில்லை. அது மோசமான படம்தான். ‘மூவி 43’ஐ முழுதாகப் பார்த்து முடிப்பதற்கே தனிப் பொறுமை வேண்டும். ஒடுக்கப்பட்ட பின்னணியிலிருந்து வந்த கலைஞர் என்பதற்காக மோசமான படத்தை நல்ல படம் என்று சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நம் கேள்வி வேறு. ஒரு படம் தோற்றால் அந்தத் தோல்வி யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது? வென்றால் அந்த வெற்றி யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது? இரண்டு கணக்குகளையும் எழுதுகிற கை யாருடையது?

ஹாலி பெர்ரியின் திரைவாழ்க்கையை இந்தக் கேள்விகளோடு ஒருமுறை திரும்பப் பார்ப்போம்.

74 ஆண்டுகளும் ஓர் இரவும்

2002 மார்ச் 24. ‘மான்ஸ்டர்ஸ் பால்’ படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதை ஹாலி பெர்ரி பெற்றார். அந்த விருதின் வரலாற்றில் அதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அது 74ஆவது ஆஸ்கர் விழா. மேடையில் அழுதபடியே அவர் டோரதி டேன்ட்ரிட்ஜ், லீனா ஹார்ன், டயான் கேரல் ஆகியோரின் பெயர்களைச் சொன்னார். இந்தக் கணம் தன்னைவிடப் பெரியது என்றார். பெயரும் முகமும் தெரியாத கறுப்பினப் பெண்களுக்காக ஒரு கதவு திறந்துவிட்டது என்றார்.

அவர் சொன்ன பெயர்களில் டோரதி டேன்ட்ரிட்ஜ் முக்கியமானவர். ஹாலி பெர்ரி பிறந்த அதே ஓஹையோ மாநிலத்துக் கிளீவ்லேண்ட் நகரில் 1922இல் பிறந்தவர். ‘கார்மென் ஜோன்ஸ்’ (1954) படத்துக்காகச் சிறந்த நடிகை விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண். பரிந்துரைக்குப் பிறகு அவருக்கு என்ன கிடைத்தது? ‘தி கிங் அண்ட் ஐ’ படத்தில் அடிமைப் பெண் வேடம் வந்தது. அவர் மறுத்துவிட்டார். திரைவரலாறு எழுதுகிறவர்கள் இன்றும் அதை அவருடைய ‘தவறான முடிவு’ என்று குறித்து வைத்திருக்கிறார்கள். அடிமை வேடத்தை மறுத்தது தவறாம்! அந்த நடிகையின் முன்னால் அடிமை வேடத்தைக் கொண்டுவந்து வைத்த தொழிலைப் பற்றி அந்த வரியில் ஒரு சொல்லும் இருக்காது. பிறகு நாயகி வேடங்கள் அரிதாகின. கடனில் மூழ்கி, 1965இல் தன் 42ஆம் வயதில் டேன்ட்ரிட்ஜ் இறந்தார். அவருடைய வாழ்க்கையை 1999இல் தொலைக்காட்சிப் படமாக்கி, அதில் நடித்து, எம்மி விருதும் கோல்டன் குளோப் விருதும் பெற்றவர் ஹாலி பெர்ரி. தனக்கு முன்னால் வந்தவருக்கு என்ன நேர்ந்தது என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

கதவு திறந்துவிட்டது என்று அவர் நம்பினார். 2025 ஆஸ்கர் விழா வரை எண்ணிப் பாருங்கள். கேபரே சிடிபே, வயோலா டேவிஸ், குவன்ஷனே வாலிஸ், ரூத் நெகா, சிந்தியா எரிவோ, ஆண்ட்ரா டே எனப் பலர் அந்தப் பிரிவில் பரிந்துரைக்கப்பட்டார்கள். வயோலா டேவிஸும் சிந்தியா எரிவோவும் இரண்டு முறை. ஒருவருக்கும் விருது இல்லை. 2023இல் மலேசியாவைச் சேர்ந்த மிஷெல் யோ அந்த விருதைப் பெற்றபோதுதான் வெள்ளையரல்லாத இரண்டாவது பெண்ணின் பெயர் அந்த வரிசையில் ஏறியது. அன்று மேடையில் நின்று விருதை அறிவித்தவர்களில் ஒருவர் ஹாலி பெர்ரி. முதல் பெயருக்கும் இரண்டாவது பெயருக்கும் இடையே 21 ஆண்டுகள்.

2015, 2016 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் நடிப்புக்கான பரிந்துரைகள் இருபதும் வெள்ளையருக்கே போயின. அந்த நிலையைப் பார்த்துவிட்டு, 2002இன் அந்தக் கணத்துக்கு ஒரு பொருளும் இல்லாமல் போய்விட்டதே என்று அவர் 2017இல் வெளிப்படையாக வருந்தினார். கதவு திறந்தது உண்மை. ஒருவர் உள்ளே போனதும் சாத்தப்பட்டது என்பதும் உண்மை.

வெற்றி பாண்டுக்கு, தோல்வி பெர்ரிக்கு

‘ஆஸ்கருக்குப் பிறகு கதைத் தேர்வு சரியில்லை’ என்கிறார்களே, தேர்ந்தெடுக்க அவர் கையில் என்ன கதைகள் இருந்தன? விருதுக்குப் பிறகு நல்ல திரைக்கதைகள் வீட்டு வாசலில் வரிசைகட்டி நிற்கும் என்று எதிர்பார்த்ததாகவும் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றும் ஹாலி பெர்ரி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தனக்கான வேடங்களே எழுதப்படவில்லை என்பதுதான் அவர் சொல்வது. நான்கு கதைகளில் மோசமானதை எடுத்தால் அது தவறான தேர்வு. மேசையில் ஒரே ஒரு கதை இருக்கும்போது அதைத் தேர்வு என்று சொல்வதே பிழை.

இப்போது கணக்குக்கு வருவோம். 2002 நவம்பரில் ஜேம்ஸ் பாண்ட் படமான ‘டை அனதர் டே’ வெளியானது. அதில் பாண்டுக்கு இணையாகச் சண்டையிடும் ஜிங்ஸ் என்ற உளவாளியாக ஹாலி பெர்ரி நடித்தார். உலகம் முழுக்க 43 கோடி டாலர் வசூல். அதுவரை வந்த பாண்ட் படங்களிலேயே மிக அதிகம். ஜிங்ஸ் பாத்திரத்தை மட்டும் தனியே எடுத்து ஒரு படம் செய்யலாம் என்று தயாரிப்பாளர்களே திட்டமிட்டார்கள். எழுத்து வேலைகளும் நடந்தன. 2003இல் எம்ஜிஎம் நிறுவனம் அதைக் கைவிட்டது. கறுப்பினப் பெண் ஒருவரை ஆக்‌ஷன் நாயகியாக வைத்து 8 கோடி டாலர் போட அன்று யாருக்கும் மனம் வரவில்லை என்று ஹாலி பெர்ரி 2020இல் சொன்னார்.

அடுத்து 2004 ஜூலை. வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘கேட்வுமன்’. செலவு 10 கோடி டாலர், உலக வசூல் 8.2 கோடி டாலர். படுதோல்வி.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 43 கோடி வசூலித்த படத்தின் பெருமை பாண்ட் என்ற பெயருக்குப் போனது. அதிலிருந்து ஹாலி பெர்ரிக்கு ஒரு படம்கூடக் கிடைக்கவில்லை. 8.2 கோடி வசூலித்த படத்தின் அவமானம் முழுவதும் அவர் பெயரில் எழுதப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்தும் ‘மோசமான படங்கள்’ பட்டியலில் அவர் முகம்தான் இருக்கிறது. வரவு ஒருவர் பெயரில், பற்று இன்னொருவர் பெயரில். இப்படிக் கணக்கு எழுதினால் யார்தான் நட்டத்தில் முடியமாட்டார்கள்?

முகப்பூச்சுக் களிம்புக்கு எதிராக ஒரு சூப்பர்ஹீரோ

‘கேட்வுமன்’ ஏன் தோற்றது? படத்தைப் பார்த்த எவரும் சொல்லக்கூடிய காரணங்கள் உண்டு. ஆண் சூப்பர்ஹீரோக்கள் நகரத்தைக் காப்பாற்றுவார்கள், உலகத்தைக் காப்பாற்றுவார்கள். இந்தப் படத்தின் நாயகி எதிர்த்துப் போராடுவது ஓர் அழகுசாதன நிறுவனம் விற்கவிருக்கும் முகப்பூச்சுக் களிம்பை. பெண்ணை மையமாக வைத்த சூப்பர்ஹீரோ கதை என்றதும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தோன்றியது முகக் களிம்புதான்! பேட்மேனும் சூப்பர்மேனும் உலகைக் காக்கும்போது இவள் மட்டும் ஏன் களிம்பிலிருந்து பெண்களைக் காக்க வேண்டும் என்று தனக்கே உறுத்தியதாக ஹாலி பெர்ரி பின்னாளில் சொன்னார். ஆனால் கதை அவர் கையில் இல்லை. சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட நடிகர் அவர். இயக்குநரும் இல்லை, தயாரிப்பாளரும் இல்லை.

கதையை எழுதியவர்கள் வேறு. இயக்கியவர் பிட்டோஃப் என்ற பிரெஞ்சுக்காரர். காட்சி விளைவுத் துறையிலிருந்து வந்தவர், அதற்குமுன் ஒரே ஒரு முழுநீளப் படம் எடுத்திருந்தவர். பணத்துக்கு ஒப்புதல் கொடுத்தது வார்னர் பிரதர்ஸ். கிழிந்த தோல் உடையை அங்கீகரித்ததும், கணினி வரைகலையில் நாயகியைச் சுவரேற வைத்ததும், அந்த வடிவத்தையே வெளியிடலாம் என்று முடிவெடுத்ததும் இவர்களெல்லாம் சேர்ந்துதான். இவர்களில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்கு இன்று நினைவிருக்கிறது? உழைப்பின் பலன் மேலே போகிறது, பழி கீழே வருகிறது. தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் நாம் பார்க்கும் அதே விதிதான் பத்துக் கோடி டாலர் படப்பிடிப்புத் தளத்திலும் வேலை செய்கிறது.

அப்படியானால் ஏன் ஒப்புக்கொண்டார்? ஆஸ்கர் வாங்கியவர் இந்த மாதிரிப் படத்தில் நடிக்கலாமா என்று பலர் தடுத்தார்களாம். ஒரு கறுப்பினப் பெண் சூப்பர்ஹீரோவாக வரும் வாய்ப்பு, அதை ஏன் விட வேண்டும் என்று அவர் நினைத்தார். அந்த நினைப்பில் என்ன தவறு? பெண் மையச் சூப்பர்ஹீரோ படங்களே அபூர்வமாக இருந்த காலம் அது.

கேட்வுமன் பாத்திரத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1960களின் ‘பேட்மேன்’ தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் பருவத்தில் அந்த வேடத்தை ஏற்றவர் எர்த்தா கிட் என்ற கறுப்பினப் பாடகி. அந்தத் தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த 1968 ஜனவரியில் வெள்ளை மாளிகை விருந்து ஒன்றுக்கு அவரை அழைத்தார்கள். இளைஞர் குற்றங்கள் குறித்துப் பேச வந்த இடத்தில், வியட்நாம் போருக்குப் பிள்ளைகளை அனுப்புவதுதான் இளைஞர்களின் கோபத்துக்குக் காரணம் என்று அதிபர் ஜான்சனின் மனைவியிடமே அவர் நேருக்கு நேர் சொன்னார். அதன்பின் அமெரிக்காவில் அவருக்கு வேலை வற்றிப்போனது. பல ஆண்டுகள் ஐரோப்பாவில் பாடிப் பிழைத்தார். சிஐஏ அவரைப் பற்றிக் கோப்பு தொகுத்திருந்தது 1975இல் அம்பலமானது. இதையும் சிலர் ‘தொழில் வாழ்க்கையில் செய்த தவறு’ என்றுதான் எழுதுவார்கள். ‘தவறு’ என்ற சொல்லை யார், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனிப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு எர்த்தா கிட்டின் வாழ்க்கையே போதும்.

ஒரே விருது, வேறு வேறு விளைவு

ஆண்டின் மோசமான படங்களுக்குக் கேலியாக ‘ராஸி’ என்றொரு விருது 1981இலிருந்து கொடுக்கப்படுகிறது. 2005இல் ‘கேட்வுமன்’ நான்கு ராஸிகளை வாங்கியது: மோசமான படம், மோசமான இயக்குநர், மோசமான திரைக்கதை, மோசமான நடிகை. ஹாலி பெர்ரி அந்த விழாவுக்கு நேரில் போனார். ஒரு கையில் ஆஸ்கர், மறு கையில் ராஸி. தன் ஆஸ்கர் உரையைத் தானே கிண்டல் செய்து, இப்படியொரு படத்தில் தன்னை நடிக்கவைத்த வார்னர் பிரதர்ஸுக்கு நன்றியும் சொன்னார். தோற்பதை ஏற்கத் தெரியாதவருக்கு வெல்லவும் தெரியாது என்று அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்றார். நான்கு பேர் சேர்ந்து செய்த தவறுக்கு மேடையேறி முகம் காட்டியவர், அந்தப் படத்தை ஆட்டுவித்த அதிகாரம் எதுவும் இல்லாதவர்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2010 மார்ச் 6. ‘ஆல் அபவுட் ஸ்டீவ்’ படத்துக்காக மோசமான நடிகை ராஸியை சாண்ட்ரா புல்லக் வாங்கினார். அவரும் நேரில் போனார். படத்தின் டிவிடிக்களை வண்டியில் வைத்து இழுத்துவந்து பார்வையாளர்களுக்குக் கொடுத்தார். மறுநாள், மார்ச் 7, ‘தி பிளைண்ட் சைட்’ படத்துக்காகச் சிறந்த நடிகை ஆஸ்கர். அடுத்த சில ஆண்டுகளில் ‘கிராவிட்டி’ (2013) போன்ற பெரும்படத்தின் நாயகி. அவர் திறமைசாலி, அதில் நமக்குச் சந்தேகம் இல்லை. அதே விருது, அதே துணிச்சல், அதே நகைச்சுவை உணர்வு. புல்லக்கின் ராஸி ஒரு சுவையான துணுக்காக முடிந்தது. பெர்ரியின் ராஸி அவருடைய அடையாளமாக ஒட்டிக்கொண்டது.

பென் அஃப்லெக்கைப் பாருங்கள். ‘ஜிக்லி’ (2003) ஏறத்தாழ 7.5 கோடி டாலரில் எடுக்கப்பட்டு 70 லட்சம் டாலர் அளவுக்கே வசூலித்த படம். அதே ஆண்டு ‘டேர்டெவில்’ என்ற சூப்பர்ஹீரோ படத்திலும் நடித்தார். இவற்றுக்கும் ‘பேசெக்’ படத்துக்கும் சேர்த்து மோசமான நடிகர் ராஸி. சில ஆண்டுகள் அவருக்கும் கேலி, கிண்டல். பிறகு? வார்னர் பிரதர்ஸ் அவரை நம்பி ‘தி டவுன்’ (2010) படத்தை இயக்கக் கொடுத்தது. ‘ஆர்கோ’ (2012) படத்தையும் கொடுத்தது. அது சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. 2016இல் அதே வார்னர் பிரதர்ஸ் அவரை பேட்மேன் ஆக்கியது. சூப்பர்ஹீரோ படத்துக்காகவும் சேர்த்து ராஸி வாங்கிய ஆணுக்கு, ‘கேட்வுமன்’ எடுத்த அதே நிறுவனம் பேட்மேன் உடையை அணிவித்தது!

‘பேட்மேன் அண்ட் ராபின்’ (1997) படத்தில் நடித்துக் கேலிக்கு ஆளான ஜார்ஜ் க்ளூனி, 2006இல் ஆஸ்கர் வாங்கினார். ‘கிரீன் லான்டர்ன்’ (2011) தோல்விக்குப் பிறகு ரையன் ரேனால்ட்ஸ் ‘டெட்பூல்’ (2016) படத்துக்குள்ளேயே அந்தத் தோல்வியைக் கேலி செய்து கைதட்டல் வாங்கினார். ஆணின் தோல்வி, அடுத்த வெற்றிக் கதையின் முதல் அத்தியாயமாகிவிடுகிறது. ‘மூவி 43’இல் கேட் வின்ஸ்லெட், ஹியூ ஜேக்மன், எம்மா ஸ்டோன், ரிச்சர்ட் கியர், நவோமி வாட்ஸ் என்று பெரிய கூட்டமே நடித்தது. எம்மா ஸ்டோன் அதற்குப் பிறகு இரண்டு ஆஸ்கர் வாங்கிவிட்டார். அவர்களுடைய பட்டியல்களில் அது அடிக்குறிப்பு. பெர்ரியின் பட்டியலில் அது சான்று.

ஒருவர் தோற்றால் ஓர் இனமே தோற்கிறது

சமூகவியல் படிக்கும் மாணவர்கள் ரோசபெத் மாஸ் கேன்டரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெருநிறுவனம் ஒன்றில் ஆண்களும் பெண்களும் எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஆராய்ந்து 1977இல் நூல் எழுதியவர். பெருங்கூட்டத்துக்கு நடுவே ஒருவர் இருவராக மட்டும் அனுமதிக்கப்படுகிறவர்களுக்கு என்ன நேர்கிறது என்பது அவர் கேட்ட கேள்வி. அப்படிப்பட்டவர்மீது எல்லோருடைய கண்ணும் எப்போதும் இருக்கும். அவர் தனிமனிதராகப் பார்க்கப்படமாட்டார்; தன் கூட்டம் முழுவதற்குமான மாதிரியாகப் பார்க்கப்படுவார். அவர் சறுக்கினால் ‘இவர்களே இப்படித்தான்’ என்று ஆகிவிடும். அவர் வென்றால் ‘இவர் மட்டும் விதிவிலக்கு’ என்று ஆகிவிடும். வகுப்பறையில் தனியாளாக உட்கார்ந்திருந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

‘கேட்வுமன்’ விஷயத்தில் இது எழுத்துப்பூர்வமாகவே பதிவாகியிருக்கிறது. 2014 ஆகஸ்டில் மார்வெல் நிறுவனத்தின் தலைமை அதிகாரி ஐசக் பெர்ல்முட்டர், சோனி தலைவர் மைக்கேல் லின்டனுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். சோனியின் கணினிகள் ஊடுருவப்பட்ட பிறகு அது பொதுவெளிக்கு வந்தது. பெண் சூப்பர்ஹீரோ படங்கள் ஏன் ஓடாது என்பதற்கு அவர் காட்டிய உதாரணங்கள் மூன்று: ‘எலெக்ட்ரா’, ‘கேட்வுமன்’, ‘சூப்பர்கேர்ள்’. ‘சூப்பர்கேர்ள்’ 1984இல் வந்த படம்! முப்பது ஆண்டுகளில் மூன்று படங்களை வைத்துக்கொண்டு உலகத்துப் பெண்கள் மொத்தப் பேரின் கணக்கையும் முடித்துவிட்டார்கள். ‘கிரீன் லான்டர்ன்’ தோற்றதற்காக இனி ஆண்களை வைத்துப் படம் எடுக்க வேண்டாம் என்று யாராவது மின்னஞ்சல் அனுப்பினார்களா? ‘ஜோனா ஹெக்ஸ்’ (2010) தோற்றபோது அனுப்பினார்களா?

2005 ஜனவரியில் வந்த ‘எலெக்ட்ரா’வுக்குப் பிறகு, 2017 ஜூனில் ‘வொண்டர் வுமன்’ வரும்வரை, மார்வெல், டிசி கதைகளிலிருந்து பெண்ணைத் தனி நாயகியாகக் கொண்ட பெரும்படம் எதுவும் திரையரங்குக்கு வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள். வந்தபோது ‘வொண்டர் வுமன்’ 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. மறு ஆண்டு கறுப்பின நடிகர்களும் கறுப்பின இயக்குநரும் சேர்ந்து தந்த ‘பிளாக் பேந்தர்’ 130 கோடி டாலரைத் தாண்டியது. பார்வையாளர்கள் வரமாட்டார்கள் என்ற பேச்சு பொய் என்று அப்போது நிரூபணமானது. ஆனால் அந்தப் பொய்க்குப் பலியான பன்னிரண்டு ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள்?

இது பழைய கதை என்றும் ஒதுக்க முடியாது. 2023இல் வந்த ‘தி மார்வெல்ஸ்’ மார்வெல் வரிசையிலேயே குறைந்த வசூல் பெற்றது. இயக்கியவர் நியா டகோஸ்டா என்ற இளம் கறுப்பினப் பெண். படப்பிடிப்புத் தளத்தில் அன்றாடம் போதிய மேற்பார்வை இல்லாமல் போனதைக் காரணங்களில் ஒன்றாக டிஸ்னி தலைவர் பாப் ஐகர் வெளிப்படையாகச் சொன்னார். நிறுவனத்தின் தோல்விக்கு மறுபடியும் ஒரு கறுப்பினப் பெண்ணின் நிழல் தேவைப்பட்டது.

நம்முடைய கணக்கேடு

சரி, ஹாலி பெர்ரி தவறே செய்யவில்லையா? செய்திருக்கிறார். ஆனால் சந்தை எழுதும் பட்டியலும் நாம் எழுதும் பட்டியலும் ஒன்றாக இருக்க முடியாது. வசூல் குறைந்ததைச் சந்தை தவறு என்கிறது. யாருடைய வாழ்க்கையைப் படம் சிறுமைப்படுத்துகிறது என்று நாம் பார்க்கிறோம்.

அப்படிப் பார்த்தால் நம் விமர்சனம் தொடங்க வேண்டிய இடம் அவருக்கு ஆஸ்கர் தந்த ‘மான்ஸ்டர்ஸ் பால்’. அதில் அவர் நடித்த லெட்டீஷா, மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு கறுப்பினக் கைதியின் மனைவி. கணவனை இழக்கிறாள், மகனையும் இழக்கிறாள். அவளுக்கு ஆறுதலாக வருபவர், அவளுடைய கணவனின் தண்டனையை நிறைவேற்றிய வெள்ளைச் சிறை அதிகாரி. இறுதியில் அந்த உண்மை அவளுக்குத் தெரியவருகிறது. அவள் ஒன்றும் கேட்பதில்லை. வாசற்படியில் அமர்ந்து அவர் நீட்டும் ஐஸ்கிரீமைச் சாப்பிடுகிறாள். எழுதியவர்களும் இயக்கியவரும் வெள்ளை ஆண்கள். கறுப்பினப் பெண்ணின் துயரம் முழுவதும் வெள்ளை ஆணின் மனமாற்றத்துக்கான எரிபொருளாகிறது. இந்த வேடத்தைத் தான் மறுத்துவிட்டதாக ஏஞ்சலா பாசெட் 2002இலேயே வெளிப்படையாகச் சொன்னார். கறுப்பினப் பெண்ணைப் பற்றிய பழைய அச்சில் வார்த்த பிம்பம் அது என்பது அவருடைய காரணம். ஹாலி பெர்ரியின் நடிப்பு அபாரமானது. ஆனால் 74 ஆண்டுகள் காத்திருந்த விருது இந்தக் கதைக்குத்தான் இறங்கிவந்தது என்பதைப் பேசாமல் கடந்துபோக முடியாது. 1940இல் ஹாட்டி மெக்டேனியலுக்குத் துணை நடிகை விருது கிடைத்ததும் அடிமை வேலைக்காரி வேடத்துக்குத்தானே? அன்று அவரை விழா அரங்கில் தனி மேசையில் ஒதுக்கி உட்கார வைத்தார்கள்.

அடுத்து ‘கிளவுட் அட்லஸ்’ (2012). நடிகர்கள் ஒப்பனையால் இனம் மாறி நடித்த படம். வெள்ளை நடிகர்கள் கொரியர்களாக வந்ததற்கு ஆசிய அமெரிக்கர்கள் கண்டனம் தெரிவித்தார்கள். அதில் ஹாலி பெர்ரியும் வெள்ளைப் பெண்ணாகவும் கொரிய ஆணாகவும் ஒப்பனை போட்டு நடித்தார். தன் இனத்தின் முகத்தை மற்றவர்கள் பூசிக்கொண்டு ஆடிய வரலாறு அறிந்தவர் அந்தப் படத்தில் ஒருமுறை யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாவது, 2020. ஒரு படத்தில் திருநம்பி வேடம் ஏற்கப்போவதாக அறிவித்தார். அந்தப் பாத்திரத்தைப் பெண் என்றே குறிப்பிட்டுப் பேசினார். திருநர் சமூகத்திலிருந்து எதிர்ப்பு வந்தது. சில நாட்களிலேயே மன்னிப்புக் கேட்டு விலகினார்; திருநர் கதைகளைச் சொல்லும் வாய்ப்பு திருநர்களுக்கே உரியது என்று ஏற்றுக்கொண்டார். நம் கணக்கேட்டில் இது உண்மையான தவறு. முறையாகத் திருத்திக்கொண்ட தவறும்கூட. ஆனால் ‘மோசமான பத்துப் படங்கள்’ பட்டியல்களில் இது இடம்பெறாது. ஏனென்றால் இதனால் யாருடைய பணமும் போகவில்லை.

இன்னொன்றையும் நம் கணக்கேட்டில் சேர்க்க வேண்டும். ‘ப்ரூஸ்டு’ படத்தின் கதை முதலில் ஓர் இளம் வெள்ளைப் பெண்ணுக்காக எழுதப்பட்டது. அதை நடுவயதுக் கறுப்பினப் பெண்ணின் கதையாக மாற்றலாம் என்று வாதாடி வாங்கினார் ஹாலி பெர்ரி. இயக்குநர் கிடைக்காதபோது தானே இயக்கினார். கலப்புத் தற்காப்புச் சண்டை வீராங்கனை ஒருவரின் கதை. ஐம்பதைக் கடந்த வயதில் அதற்காக உடலை வருத்திப் பயிற்சி செய்தார். 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. விமர்சகர்கள் பிரிந்து நின்றார்கள். படத்தில் குறைகள் உண்டு. ஆனால் இந்த முறை கதையையும் காமிராவையும் முடிவுகளையும் அவரே கையில் வைத்திருந்தார். இதன் குறைகளுக்கு அவரைக் கேள்வி கேட்பது நியாயம். அதிகாரம் இருந்த இடத்தில் பொறுப்பைக் கேளுங்கள். அதிகாரமே கொடுக்காத இடத்தில் பழியை மட்டும் கொடுக்காதீர்கள்.

தோழர்களே, பிரதிநிதித்துவம் என்று பேசும்போது நாம் பெரும்பாலும் முதல் ஆளைப் பற்றியே பேசுகிறோம். முதல் கறுப்பினப் பெண், முதல் ஆசியப் பெண் என்று கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் முதல் ஆளை மேடையேற்றுவது ஆதிக்கத்துக்குப் பெரிய செலவில்லை. ஒரு நாற்காலி, ஒரு புகைப்படம் போதும். இரண்டாவது ஆளையும் பத்தாவது ஆளையும் சேர்த்து உள்ளே விடுவதில்தான் செலவு இருக்கிறது. பத்துப் பேர் இருக்கும்போது ஒருவர் மோசமான படத்தில் நடிக்கலாம், தோற்கலாம், திரும்பி வரலாம். ஒருவர் மட்டும் இருக்கும்போது அவர் ஒருமுறைகூடத் தோற்க முடியாது. ஒவ்வொரு முறையும் அற்புதம் நிகழ்த்தியே தீர வேண்டும் என்பது சமத்துவமே ஆகாது.

பென் அஃப்லெக்கிடம் யாரும் அற்புதம் கேட்கவில்லை. அவர் சுமாராக இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம், அடுத்த படம் காத்திருக்கும். அந்த வசதிதான் உண்மையான சலுகை. திறமை என்ற பெயரில் அது மறைந்து நிற்கிறது. எனவே அடுத்தமுறை ஒரு நடிகையின் ‘மோசமான படங்கள்’ பட்டியல் உங்கள் கண்ணில் பட்டால், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரியுங்கள். சிரித்துவிட்டு இதையும் கேளுங்கள்: இந்தப் படத்தை எடுக்க முடிவு செய்தது யார்? இதே அளவு தோற்ற மற்றவர்களுக்கு அடுத்து என்ன கிடைத்தது? இந்தத் தோல்வியைக் காட்டி எத்தனை பேருக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டது?

வெல்லும் உரிமையை மட்டும் கேட்டால் விதிவிலக்கான ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கும். மற்றவர்களைப் போலவே தோற்றுவிட்டு மறுநாள் வேலைக்குத் திரும்பும் உரிமையையும் சேர்த்தே கேட்போம்.